ஞாயிற்றுக்கிழமை என்றால் திண்டிவனம்!

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ரயில்கள் ஐந்து பக்கமாகப் பிரிந்து போகின்றன. சென்னை ஒரு பக்கம், விருத்தாசலம் வழியாகத் திருச்சி ஒரு பக்கம், கடலூர் - மயிலாடுதுறை ஒரு பக்கம், புதுச்சேரி ஒரு பக்கம், திருவண்ணாமலை - காட்பாடி ஒரு பக்கம். கீழ்ப்பெரும்பாக்கத்தில் குடியிருக்கும் அந்த வீட்டின் இரண்டு பெண் குழந்தைகளுக்கும் ஒரே ஒரு பக்கம்தான் கணக்கு. "இது திண்டிவனம் போற ரயில். அதுக்கு அப்புறம் மெட்ராஸ் வரைக்கும் போகுமாம்" என்பாள் சின்னவள். அவளைப் பொறுத்தவரை திண்டிவனத்துக்கு அப்பால் ரயில் போவது ரயிலின் சொந்த விஷயம்.

பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. திண்டிவனத்தில் அவர்களுடைய ஆயா இருக்கிறார், அம்மாவைப் பெற்றவர். கிடங்கல் பக்கம் ஓர் ஓட்டு வீடு, வாசலில் வேப்பமரம், பின்னால் கிணறு. தாத்தா போய் ஏழு வருடம் ஆகிறது. ஆயாவுக்கு ஒரே பெண். அந்தப் பெண் விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறார். அப்பா இரும்புக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார், வாரத்தில் ஆறு நாள் வேலை. ஆக, குடும்பமாக எங்காவது போக ஒரு நாள்தான் கிடைக்கும். அந்த ஒரு நாளில் ஆயாவையும் பார்த்தாக வேண்டும். ஊர் சுற்றுவது தனி, ஆயா வீட்டுக்குப் போவது தனி என்று பிரிக்க வசதிப்படாத குடும்பம். பெரும்பாலான வீடுகளில் 'டூர்' என்பதே இப்படித்தானே! யாராவது ஒரு சொந்தக்காரர் வீட்டில் காலைச் சாப்பாடு, மத்தியானத்துக்கு மேல் பக்கத்தில் ஒரு கோயிலோ கோட்டையோ, இருட்டுவதற்குள் வீடு.

ஒன்றரை வருடம் முன்புவரை இந்தப் பயணமெல்லாம் பைக்கில்தான். சின்னவள் பெட்ரோல் டேங்க் மேல், அவளுக்குப் பின்னால் அப்பா, நடுவில் பெரியவள், கடைசியில் பாதி சீட்டில் அம்மா. அம்மா மடியில் ஒரு கூடை வேறு. டூவீலரில் ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் போகலாம் என்பது மோட்டார் வாகனச் சட்டம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் கையில் இருக்காது. நாலு வயதைத் தாண்டிய குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. "நம்ம ஊர்ல எல்லாரும் இப்படித்தான் போறாங்க" என்ற ஒரு வரியில் எல்லாவற்றையும் கடந்துவிடுவார். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள் என்பதும் உண்மைதான்.

ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விக்கிரவாண்டி சர்வீஸ் ரோட்டில் ஒரு வேகத்தடை. சின்னவள் தூங்கிப்போயிருந்தாள். வண்டி ஏறி இறங்கியதில் அவள் தலை ஹேண்டில்பாரில் 'ணங்' என்று இடித்தது. பின்னால் அம்மாவின் ஒரு கால் ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து நழுவித் தரையில் இழுபட்டது. யாரும் விழவில்லை. சின்னவள் நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம், அவ்வளவுதான். ஆனால், அம்மா இறங்கியவர் மறுபடி ஏறவில்லை.

"என்னங்க, இனிமே நாலு பேரும் ஒரே வண்டியில கிடையாது. நீங்க வாங்க, நாங்க பஸ்ல வரோம்."

"இன்னும் கொஞ்ச தூரம்தாம்மா..."

"கொஞ்ச தூரமோ அதிக தூரமோ."

இரண்டு பெண்களையும் இரு கையில் பிடித்துக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறிவிட்டார். அப்பா பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் வந்தார். பின் கண்ணாடி வழியாகப் பெரியவள் வழி முழுக்க அவருக்குக் கையாட்டிக்கொண்டே வந்தாள். அன்றைக்குப் பிறகு ரயில்தான்.

பாசஞ்சர் ரயிலில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் நாலு நிறுத்தம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம். இதைச் சின்னவள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். பேரணி வரும்போதெல்லாம் ஒரு சந்தேகம் கேட்பாள்: "பேரணின்னா ஊர்வலம்தானேம்மா, இங்க யாரையுமே காணோமே?" தமிழ் டீச்சரான அம்மாவிடம் அதற்குச் சரியான பதில் இல்லை. பெரியவளுக்கு ஜன்னலோரம், சின்னவளுக்கும் ஜன்னலோரம். அதனால் எதிரெதிர் சீட்டு கிடைக்காத நாளில் மயிலம்வரை ஒருத்தி, அதற்குப் பிறகு மற்றவள் என்று ஒப்பந்தம். மயிலத்துக்கு அப்புறம் ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம்தான் என்பதைச் சின்னவள் கண்டுபிடிக்கச் சில மாதங்கள் ஆயின. கண்டுபிடித்த அன்று வீட்டில் பெரிய பஞ்சாயத்து.

ரயிலில் அவித்த மல்லாட்டை வரும். மணிலாக்கொட்டைதான் இந்தப் பக்கத்து வாயில் மல்லாட்டை. வெளியூர்க்காரர்கள் 'வேர்க்கடலை' என்றால் சின்னவள் திருத்துவாள். திண்டிவனத்துக்கும் மல்லாட்டைக்கும் நெருங்கிய உறவு உண்டு. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களின் பெயரே டி.எம்.வி. என்றுதான் தொடங்கும், ஊர்ப் பெயரைச் சுருக்கி வைத்தது. டி.எம்.வி. 7 என்று கேட்டால் இன்றைக்கும் விவசாயிகளுக்குத் தெரியும்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. மறுநாள் திண்டிவனம் போகக் கூடையில் துணி அடுக்கியாகிவிட்டது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடக்கப்போகிறது என்று காலையிலிருந்தே டி.வி-யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரவு எட்டு மணிக்கு ஆயா பேசினார். "இங்க மழைதான். நாளைக்கு வராதீங்க. அரிசி இருக்கு, மெழுகுவத்தி இருக்கு. புள்ளைங்கள வெளிய விடாத." அதற்குள் லைன் கட் ஆனது. பிறகு கிடைக்கவே இல்லை.

புதுச்சேரி அருகே கரையைக் கடந்த புயல், கடந்த வேகத்தில் போகாமல் அங்கேயே நின்றுவிட்டது. ஒரே நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. திண்டிவனத்திலிருந்து மயிலம் எவ்வளவு பக்கம் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியும், ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலேயே கரன்ட் இல்லை. புதுப் பேருந்து நிலையத்தில் தண்ணீர் நின்றது. தெருவில் முழங்கால் அளவு. பக்கத்து வீட்டுக்காரர் காரில் சார்ஜ் போட்டுத் தந்த போனை வைத்துக்கொண்டு பெரியவள் ஆயா நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தாள். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற குரல் வந்ததும் கட் செய்து மறுபடி அழுத்துவாள். ஒரு கட்டத்தில் அம்மா, "விடு கண்ணு, சார்ஜ் போயிடும்" என்றார். சொல்லிவிட்டு அவரே பத்து நிமிஷம் கழித்து அழுத்தினார்.

கிடங்கல் ஏரி நிரம்பித் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். எந்தத் தெரு என்று அதில் இல்லை. திங்கட்கிழமை காலையில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். ஞாயிறுதோறும் சின்னவள் எட்டிப் பார்க்கும் அதே பாலம்.

"நான் போயிட்டு வரேன், நீ புள்ளைங்கள பாரு" என்றார் அப்பா.

"அது எங்க அம்மா. நானும் வரேன்."

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரம், மூன்று மணி நேரம் ஆனது. விக்கிரவாண்டியைத் தாண்டியதும் சாலைக்கு இருபுறமும் வயல் எது, ஏரி எது என்று தெரியவில்லை. திண்டிவனத்தில் ஆயா வீட்டுத் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி, முழங்கால் தண்ணீரில் நடந்து போனார்கள்.

ஆயா கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தார். கட்டிலின் கால்களில் முக்கால்வாசி நனைந்திருந்தது. அரிசி டின்னும் தாத்தா போட்டோவும் கட்டில் மேல், அவருக்கு இருபுறமும். எதிர்வீட்டுப் பிள்ளைகள் காலையில் தண்ணீரில் இறங்கி வந்து டீ கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மகளைப் பார்த்ததும் ஆயா கேட்ட முதல் கேள்வி, "புள்ளைங்கள யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?" என்பதுதான். பிறகு மருமகனைப் பார்த்து, "மாப்ள, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து, ஆயாவின் சுருங்கி வெளுத்திருந்த பாதங்களைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்றே ஆயாவை விழுப்புரத்துக்குக் கூட்டிவந்துவிட்டார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. தண்ணீர் வடியும்வரை எதிர்வீட்டு மாடியில் தங்கினார். அடுத்த வாரமே வீட்டைக் கழுவிவிட்டுத் திரும்பிவிட்டார். மார்கழி முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் இதே வாக்குவாதம்.

"எங்களோட வந்துடும்மா. தனியா விட்டுட்டு எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

"உங்க வீடு மாடி. இந்த முட்டியை வெச்சிக்கிட்டு யாரு ஏறுறது?"

"கைப்பிடி இருக்கு. ஏறிட்டா அப்புறம் எறங்கவே வேணாம்."

"அத சொல்லு. எறங்கவே வேணாம்னா அதுக்குப் பேரு என்ன?"

அப்பா ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்: "அத்தை, ராத்திரியில உங்களுக்கு ஒண்ணுன்னா..." அதற்கு ஆயா சொன்ன பதிலுக்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. "மாப்ள, எனக்குக் கண்ணு ஒரு வருஷமா சரியா தெரியல. ஒங்களுக்கே தெரியாது. ஏன் தெரியல? இந்த வீட்டுல பாத்ரூம் போக எனக்கு லைட் வேணாம். கட்டில்லேர்ந்து எத்தன அடி, எங்க படி, எங்க செவுருன்னு காலுக்குத் தெரியும். அங்க வந்தா நான் கண்ணு தெரியாதவளா ஆயிடுவேன்."

கண் விஷயம் அன்றைக்குத்தான் அம்மாவுக்கே தெரியும். மறு வாரமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். ஒரு கண்ணுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. இன்னொன்றில் பார்வை பாதிதான், அதற்கு மேல் வராது என்றார்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்குள் ஒழுங்காக நடமாடுகிறார்கள் என்பதை வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது போலிருக்கிறது. பழகிய இடம் எவ்வளவையோ மறைத்துவிடும்.

கண் கொஞ்சம் தெளிந்த பிறகு, மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் ஆயாவையும் சேர்த்துக்கொண்டு ஐந்து பேரும் திருவக்கரை போனார்கள். வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு என்று சொல்லித்தான் ஆயாவைக் கிளப்ப முடிந்தது. பிள்ளைகளின் கணக்கு வேறு. அங்கே கல்மரப் பூங்கா இருக்கிறது. மயிலம் வரை டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் ஐந்து பேருக்கு அப்பாவின் ஒரே ஒரு டிக்கெட்தான் காசு. "நம்ம வீட்ல அப்பாவுக்கு மட்டும்தான் செலவு" என்று பெரியவள் சத்தமாகச் சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

திருவக்கரை கல்மரங்களைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்த்தால் அறுத்துப் போட்ட மரம் மாதிரிதான் இருக்கும். பட்டை, வளையம், நார் எல்லாம் அப்படியே. கையை வைத்தால் கல். வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள். 1781-ல் சொன்னேரா என்ற ஐரோப்பிய இயற்கையியலாளர் இவற்றைப் பற்றி முதலில் எழுதினார். 1940-லிருந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கிறது. 247 ஏக்கர் செம்மண்ணில் அங்கங்கே கிடக்கின்றன. மண்ணில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, மரம் இருந்த இடத்தை அணு அணுவாகக் கல் பிடித்துக்கொண்டது என்பது விளக்கம்.

சின்னவள் ஒரு மரத்தைத் தட்டிவிட்டு, "யாரு ஆயா இத இங்க கொண்டுவந்து போட்டது?" என்றாள். அம்மாதான் சொன்னார்: "எந்த மரத்துக்கும் வேர் இல்ல பாரு, கிளையும் இல்ல. இங்கயே முளைச்ச மரம்னா வேர் இருக்கும். அந்தக் காலத்துல பெரிய வெள்ளம் வந்து எங்கிருந்தோ அடிச்சிக்கிட்டு வந்து மணல்ல புதைச்சிருக்குன்னு சொல்றாங்க."

ஆயா குனிந்து அந்தக் கல்மரத்தைத் தடவிப் பார்த்தார். "அப்பவும் வெள்ளமா?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அடுத்தடுத்த மரங்களுக்கு அருகிலும் கொஞ்ச நேரம் நின்று நின்றுதான் வந்தார். இந்தக் கல்மரங்களில் புளியமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு. புளியமரத்துக்கு வடமொழியில் திந்திரிணி. திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆனது என்பார்கள். இதையும் அம்மா சொல்லத் தொடங்கினார். அதற்குள் சின்னவளுக்குப் பசி வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ரெண்டும் பொண்ணா? கடைசி காலத்துல பாத்துக்க ஒரு பையன் வேணாமா?" பெரியவளுக்கு இந்தக் கேள்வி இப்போது புரிகிற வயது. ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் இருந்தாள். அம்மா எப்போதும்போலச் சிரித்து மழுப்பப் பார்த்தார். பதில் ஆயாவிடமிருந்து வந்தது.

"எனக்கு ஒரே பொண்ணுதாம்மா. போன மழையில முழங்கால் தண்ணியில வந்து வாசல்ல நின்னது அதுதான்."

சின்னவள் பிறந்தபோது மருத்துவமனைக்கு வந்து குழந்தையை வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் யோசித்தவர் இதே ஆயாதான். அடுத்தது பேரனாகப் பிறக்க வேண்டும் என்று கோயில் மரத்தில் தொட்டில் கட்டிவிட்டு வந்ததும் அவரேதான். மகள் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

வீட்டு மாற்றப் பேச்சுக்கு வழி சொன்னது சின்னவள், அதுவும் தெரியாமல். மரக்காணம் பக்கத்துக் கழுவெளியில் வெளிநாட்டுப் பறவைகள் வந்திருப்பதாக அப்பா போனில் ஒரு வீடியோ காட்டினார். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் அது. "பறவைங்க மழைக்காலத்துல வரும், வெயில் வந்ததும் அதுங்க ஊருக்குப் போயிடும்" என்றார். "அப்ப ஆயாவும் மழைக்கு மட்டும் இங்க வரலாம்ல?" என்றாள் சின்னவள். அடுத்த ஞாயிறு திண்டிவனத்தில் இந்த யோசனை வைக்கப்பட்டது. ஆயா வெற்றிலையை மடித்தபடி ரொம்ப நேரம் யோசித்தார். "ஐப்பசி பொறந்தா வரேன். தை பொறந்தா போயிடுவேன். நடுவுல யாரும் வீட்ட வித்துடலாம்னு பேசக் கூடாது" என்றார். அம்மா சத்தியம் செய்தார்.

அந்த வருடக் கோடையில் செஞ்சிக் கோட்டைக்கும் போனார்கள். ஜூலை மாதம் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த பிறகு இன்னொரு முறையும் போனார்கள். ராஜகிரி உச்சியை இன்னும் எட்டவில்லை. இரண்டு முறையும் கீழே நெற்களஞ்சியத்தைத் தாண்டியதுமே சின்னவளின் கால் வலித்துவிட்டது.

2025 ஐப்பசி பிறந்ததும் ஆயா ஒரு டிரங்குப் பெட்டி, தாத்தா போட்டோ, அரை மூட்டை மல்லாட்டையோடு விழுப்புரம் வந்து இறங்கினார். படிக்கட்டில் ஏற இருபது நிமிஷம். நடுவில் ஒருமுறை உட்கார்ந்து, "இது என்ன வீடா, மயிலம் மலையா?" என்றார். ஜன்னலோரக் கட்டிலைப் பெரியவள் விட்டுக்கொடுத்தாள். சின்னவள் தன் பங்குக்குத் தலையணையைக் கொடுத்துவிட்டு, இரவு அதைத் திரும்பக் கேட்டாள்.

முதல் ராத்திரி பாத்ரூம் லைட்டை அணைக்காமல் விட்டிருந்தார்கள். ஆயாவுக்குப் பிடிக்கவில்லை, கரன்ட் பில்லைப் பற்றி முணுமுணுத்தார். மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பெரியவள் பையை வைத்துவிட்டு ஆயாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு எழுந்தாள். ஒரு கையைச் சுவரில் வைத்தபடி ஒவ்வோர் அடியாக நடந்தாள். சின்னவள் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனாள். ஒருமுறை பீரோவில் இடித்துக்கொண்டு, திரும்ப வந்து முதலிலிருந்து நடந்தாள்.

"ஆயா, மொத்தம் பதினோரு அடி. ஏழாவது அடியில பீரோ வரும், கையை எடுத்துடு. பத்துல ஒரு சின்னப் படி. உன் கால் சின்னது, அதனால உனக்குப் பதிமூணு வரலாம். வா, எண்ணிப் பாக்கலாம்."

ஆயா கண்ணை மூடிக்கொண்டு எழுந்தார்.